திருப்பிப் போட்டா நாலு மடங்கு: நிரல் எழுதிக் கண்டுபிடிச்சா அது களவா?

கேள்வி. 13 ஜூன் 2025, வீரவநல்லூர் வாசகர் ஒருவர்

நாலு இலக்க எண் ஒண்ணு. அதை நாலால பெருக்கினா அதே எண் தலைகீழா வரணும். வாரப் பத்திரிகை ஒண்ணுல வந்த புதிர். சாயங்காலம் முழுக்கப் பென்சிலும் தாளுமா உக்காந்து விடையைப் பிடிச்சேன். காலேஜ் படிக்கிற என் மக லேப்டாப்ல ஏழெட்டு வரி தட்டினா. நான் கண்ணாடியைத் துடைச்சு மாட்டுறதுக்குள்ள விடையைச் சொல்லிட்டா. என்னைக் கேட்டா இது களவு. கம்ப்யூட்டர் கையில இருந்தா இனிமே எண் புதிர்னு ஒண்ணு இருக்கா?

14 ஜூன், காலை

களவு இல்ல அண்ணாச்சி. எதைக் களவாண்டா உங்க மக?

விடையை ஒளிச்சு வச்சு விளையாட்டுக் காட்டுறது எனக்குப் பிடிக்காது, அதனால முதல்லயே சொல்லிருதேன்: 2178. நாலால பெருக்கினா 8712.

நீங்க பென்சில்ல போன வழி ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். எண்ணை அ ஆ இ ஈ-ன்னு வச்சுக்கிடுவோம். நாலால பெருக்கியும் நாலு இலக்கந்தான், அப்ப எண் 2500-க்குக் கீழ. அ ஒண்ணு இல்லன்னா ரெண்டு. தலைகீழ் எண் நாலோட மடங்கு, அது அ-வுல முடியுது, அதனால அ இரட்டைப்படை. ஆக 2. ஈ எட்டா ஒம்பதா இருக்கணும். நாலால பெருக்கினா கடைசி 2 வரணும்னா எட்டுதான். மிச்சத்தைப் பிரிச்சு எழுதினா 13 × ஆ + 1 = 2 × இ. ஆ ஒண்ணு, இ ஏழு. ஆ மூணுன்னு வச்சா இ இருபது ஆயிரும், அது இலக்கமே இல்ல.

இப்ப நிரல். நான் அம்பாசமுத்திரத்துல ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம்னு ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். சர்வர் படுத்துக்கிட்டா ஆளுங்க பெஞ்சுல உக்காந்திருப்பாவ, நான் இந்த மாதிரி எதையாவது தட்டிக்கிட்டு இருப்பேன். எழில்னு தமிழ்லயே நிரல் எழுதுற மொழி இருக்கு, பைத்தான் மேல ஓடுறது. அதுல:

எண் = 1000
@(எண் < 2500) வரை
  மிச்சம் = எண்
  தலைகீழ் = 0
  @(மிச்சம் > 0) வரை
    கடை = மிச்சம் % 10
    தலைகீழ் = தலைகீழ் * 10 + கடை
    மிச்சம் = (மிச்சம் - கடை) / 10
  முடி
  @(தலைகீழ் == 4 * எண்) ஆனால்
    பதிப்பி எண்
  முடி
  எண் = எண் + 1
முடி

அந்த 2500-ஐப் பாருங்க. 9999 வரைக்கும் ஓட விட்டாலும் இதே விடைதான். ஆனா எங்க நிப்பாட்டலாங்கிறதைக் கம்ப்யூட்டர் சொல்லல, உங்க பென்சில் சொன்னது. உங்க மக எத்தனை வரைக்கும் ஓட விட்டான்னு கேட்டுச் சொல்லுங்க.

14 ஜூன், மதியம்

கரண்ட் வந்துட்டு. அஞ்சு இலக்கத்துக்கு ஓட விட்டேன்: 21978. ஆறுக்கு 219978. ஏழுக்கு 2199978. நடுவுல ஒம்பது மட்டும் கூடிக்கிட்டே போகுது.

எட்டு இலக்கத்துக்கு எழில் மெதுவா நடக்கும், பைத்தானுக்கு மாறிட்டேன். அங்க ரெண்டு விடை. ஒண்ணு எதிர்பார்த்த 21999978. இன்னொண்ணு 21782178, பழைய ஆளே ரெண்டு தடவை வந்து நிக்கான்.

14 ஜூன், ராத்திரி

ஒம்பது ஏன் கூடுதுன்னு யோசிச்சுக்கிட்டே கடையைப் பூட்டினேன். 2178-ங்கிறது 2200-ல 22 கழிச்சது. 21978 = 22000 − 22. அடுத்தது 220000 − 22. எல்லாமே 22-ஐ 99, 999, 9999-ன்னு பெருக்கினது. நாலால பெருக்கினா 22 போய் 88 வந்துரும்: 8800 − 88 = 8712, 88000 − 88 = 87912. ஒரு பக்கம் 21...78, மறுபக்கம் 87...12. நடுவுல எத்தனை ஒம்பது இருந்தாலும் அது திரும்பினாலும் ஒம்பதுதான்.

இந்த "ஏன்" உங்க ஒத்தை விடையில இருந்து கிடைச்சிருக்காது அண்ணாச்சி. நாலு விடையை வரிசையா அச்சடிச்சுப் பார்த்ததாலதான் கண்ணுல பட்டுது. 2178-ஐ மட்டும் வச்சுக்கிட்டு இருந்திருந்தா எனக்கும் 22 தோணியிருக்காது.

16 ஜூன்

பாளையங்கோட்டையில கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருத்தர் நீளமா எழுதியிருக்காவ. சுருக்கம்: ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச ஹார்டியே 1940-ல வந்த புத்தகத்துல இதே எண்களை எடுத்துக்காட்டி, இதுல கணிதக்காரனுக்கு ஒண்ணுமில்ல, செய்தித்தாள் புதிர்ப் பக்கத்துக்குத்தான் சரின்னு சொல்லியாச்சு; பொறவு எதுக்கு இந்தப் பாடு?

நானும் படிச்சிருக்கேன் சார். நாலு இலக்கத்துல தன் தலைகீழோட முழு மடங்கா வர்றது 8712-ம் 9801-ம் மட்டுந்தான்னு அவர் சொல்லுதார். ரெண்டு முதல் ஒம்பது வரைக்கும் எல்லாப் பெருக்கலும் ஓட விட்டுப் பார்த்தேன், அதேதான்: 2178 × 4, 1089 × 9. அதுலயும் 2178-ங்கிறது 1089-ஓட ரெண்டு மடங்கு. இதையெல்லாம் நிரூபிக்கிற வழி வேற எங்கயும் உதவாது, ஒரு எண்ணோட முடிஞ்சிரும், அதனால இது பெரிய கணிதம் இல்லங்கிறது அவர் கட்சி.

அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா கடையில உக்காந்து வருமானச் சான்றுக்கு ஸ்கேன் எடுக்குற எனக்கு எதுக்குப் பெரிய கணிதம்? புதிர்ப் பக்கம் போதும்.

17 ஜூன்

அதே சார் கேட்ட இன்னொண்ணு. ராமானுஜன் கதையில வர்ற 1729 டாக்ஸி நம்பரை எல்லாரும் ரெண்டு விதமா ரெண்டு கனங்களோட கூட்டலாச் சொல்லுதோம் (12-ம் 1-ம், 10-ம் 9-ம்). அதுல இலக்க விளையாட்டு உண்டா?

உண்டு. 1 + 7 + 2 + 9 = 19. திருப்பினா 91. 19 × 91 = 1729.

இலக்கங்களைக் கூட்டி, அதை அதோட தலைகீழால பெருக்கினா அதே எண் வரணும். நிரல் நாலே விடை சொல்லுது: 1, 81, 1458, 1729. நான் 9999 வரைக்குந்தான் ஓட விட்டேன், அதுக்கு மேல தேவையே இல்ல. அஞ்சு இலக்கத்துல கூட்டல் அதிகபட்சம் 45, அதோட தலைகீழ் ரெண்டு இலக்கத்துக்குள்ள; 45 × 99 = 4455. அஞ்சு இலக்கத்தையே எட்டாது. இலக்கம் கூடக் கூட எண் பத்துப் பத்து மடங்காப் பெருசாகும், கூட்டல் ஒம்பது ஒம்பதாத்தான் ஏறும், எட்டிப் பிடிக்கவே முடியாது. ஆக, இந்தப் பதினாயிரத்துக்குள்ள தேடினதே முழு நிரூபணம்.

நான் இந்த விளையாட்டுல மாட்டிக்கிட்டதே இதனாலதான். "கண்டுபிடிச்சாச்சு"ன்னு சொல்லுறது லேசு. "இதுக்கு மேல இல்ல"ன்னு சொல்லுறதுக்கு வேலி கட்டணும்.

17 ஜூன், பொறவு

வருசத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு: ஆமா, 20 + 25 = 45, 45-ஐ 45-ஆல பெருக்கினா 2025. நாலு இலக்கத்துல இப்படி மூணுதான், 2025, 3025, 9801. 3025-க்கு இன்னும் ஆயிரம் வருசம் கிடக்கு, அவசரம் இல்ல.

20 ஜூன்

ஆம்ஸ்ட்ராங் எண்ணைப் பத்திப் பல பேரு கேட்டாச்சு. பிசிஏ, பிஎஸ்சி படிச்ச யாரும் இதைத் தப்பிச்சிருக்க முடியாது. லேப் ரெக்கார்டுல நாலாவதோ அஞ்சாவதோ இதுதான். மூணு இலக்க எண், ஒவ்வொரு இலக்கத்தையும் கனமாக்கிக் கூட்டினா அதே எண். 153, 370, 371, 407. எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேரு பரீட்சையில நிரலை மனப்பாடமா எழுதிட்டு, விடை நாலுதான்னு தெரியாமலே வெளிய வந்திருப்பாவ.

நிலாவுக்குப் போன ஆம்ஸ்ட்ராங்கான்னு ஒரு தம்பி கேட்டிருக்கான். இல்ல, அவர் வேற வேலையா இருந்தார்.

153-ஐப் பத்திப் பாளையங்கோட்டையில இருந்தே இன்னொருத்தர்: யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம், பேதுரு வலையை இழுத்தப்ப நூத்தைம்பத்து மூணு பெரிய மீன். எனக்குப் பிடிச்ச எண்தான் அது. மூணால வகுபடுற எந்த எண்ணையும் எடுங்க, இலக்கங்களோட கனத்தைக் கூட்டுங்க, வந்ததுக்கும் அதையே செய்யுங்க, கடைசியில 153-லதான் வந்து நிக்கும். 12-ல தொடங்குவோம்: 1 + 8 = 9. 729. 343 + 8 + 729 = 1080. 1 + 512 = 513. 125 + 1 + 27 = 153. பிள்ளைங்களுக்கு நிரலே வேண்டாம், ஒரு பேனா போதும்.

370-ம் 371-ம் ஏன் ஜோடியா வருதுன்னு கேட்டவருக்கு: சுழியத்தோட கனம் சுழியம், ஒண்ணோட கனம் ஒண்ணு. கடைசிச் சுழியத்தை ஒண்ணாக்கினா எண்ணும் ஒண்ணு கூடுது, கூட்டலும் ஒண்ணு கூடுது. சுழியத்துல முடியுற ஒண்ணு கிடைச்சா அடுத்த வீட்டுக்காரன் இனாம். எட்டு இலக்கத்துலயும் இருக்கு: 24678050, 24678051 (அங்க எட்டாம் அடுக்கு).

23 ஜூன்

ஆலங்குளம் தம்பி ஒருத்தன் மூணு இலக்கத்தோட நிக்கல. நாலு இலக்கத்துக்கு நாலாம் அடுக்கு (1634, 8208, 9474), அஞ்சுக்கு அஞ்சாம் அடுக்கு (54748, 92727, 93084), ஆறுக்கு ஒண்ணே ஒண்ணு (548834), ஏழுக்கு நாலு. இப்ப பத்து இலக்கத்துக்கு லேப்டாப்பை ராத்திரி பூரா ஓட விட்டிருக்கான். "அக்கா, முப்பத்தொம்பது இலக்கம் வரைக்கும் போகணும், எத்தனை நாள் ஆகும்?"

தம்பி, முப்பத்தொம்பது இலக்கத்துல இருக்கிற எண்களை நொடிக்கு நூறு கோடி வேகத்துல பார்த்தாலும் ஆகுற வருசத்தை எழுத 23 இலக்கம் வேணும். லேப்டாப்பை அணைச்சிட்டுப் படு.

முதல்ல வேலி. எண் எத்தனை இலக்கமோ அத்தனாம் அடுக்கு. எல்லா இலக்கமும் ஒம்பதா இருந்தா கூட்டல் உச்சத்துல இருக்கும். 60 இலக்கம் வரைக்கும் அந்த உச்சம் ஒரு 60 இலக்க எண்ணைத் தொட்டுரும். 61-ல இருந்து தொடாது, 61 ஒம்பதுகளைப் போட்டாலும் கூட்டல் 60 இலக்கத்தோட நின்னுரும். ஆக, 60-க்கு மேல தேடவே வேண்டாம், பட்டியல் முடிவுள்ளது. உண்மையில மொத்தமே 88 எண்தான், ஆகப் பெருசுக்கு 39 இலக்கம். அது இது:

115132219018763992565095597973971522401

கடைசி 1-ஐப் பாருங்க. அதுக்கு முந்தினது எதுன்னு 20-ஆம் தேதிக் குறிப்பைப் படிச்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, எதைத் தேடுறோங்கிறது. 153, 135, 315, 351, 513, 531 ஆறையும் தனித்தனியா நீ பார்க்கே. ஆறுக்கும் கனக் கூட்டல் ஒண்ணுதான், 153. அப்ப ஆறு தடவை எதுக்கு? 1, 3, 5-ங்கிற மூணு இலக்கத்தை ஒரு தடவை எடு, கூட்டு, வந்த எண்ணுல இருக்கிறது அதே மூணு இலக்கமான்னு பாரு. அதே இலக்கங்கள்னா பிடிச்சாச்சு, இல்லன்னா ஆறும் ஒரே அடியில போச்சு. வரிசையை மறந்திரு, எந்த இலக்கம் எத்தனைங்கிறது மட்டும் போதும். ஏழு இலக்கத்துல 90 லட்சம் எண் இருக்கு. இப்படித் தொகுப்பாப் பார்த்தா 11,440. முப்பத்தொம்பதுக்கு ஏறக்குறைய 167 கோடியே 71 லட்சம் தொகுப்பு. பெருசுதான், ஆனா மனுசன் ஆயுசுக்குள்ள முடியுற பெருசு.

கிணத்துல விழுந்த சாவியை ஊரு பூராத் தேடுற மாதிரிதான் ஒவ்வொரு எண்ணாப் பார்க்குறது.

23 ஜூன், அதே ராத்திரி

தம்பி பதில் போட்டிருக்கான். தொகுப்பு வழியில பத்து இலக்கம் சட்டுன்னு முடிஞ்சிட்டாம், ஒரே ஒரு விடை: 4679307774. நேத்தைக்கு ராத்திரி ஓட விட்ட பழைய நிரல் இன்னும் ஓடுதாம். அதை நிறுத்த மனசு வரலையாம், "எது முந்துதுன்னு பாக்கணும்"ங்கான். முந்தியாச்சுலே, இன்னும் என்ன பாக்கப் போற?

28 ஜூன்

கப்ரேகர். இவரைப் பத்தி யாராவது கேப்பாவன்னு காத்துக்கிட்டே இருந்தேன். மகாராஷ்டிரத்துல தேவ்லாலிங்கிற ஊர்ல பள்ளிக்கூட வாத்தியாரு (1905–1986). எல்லா இலக்கமும் ஒண்ணா இல்லாத நாலு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில ஒரு தடவை, ஏறு வரிசையில ஒரு தடவை எழுதிக் கழிக்கணும். வந்ததுக்கும் அதையே. ஏழு படிக்குள்ள 6174-ல வந்து நின்னுரும். 7641 − 1467 மறுபடியும் 6174. 1949-ல அவர் இதைக் கண்டார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாம. பெரிய கணிதக்காரங்க ரொம்ப நாள் அவரைக் கண்டுக்கிடல. கணக்குப் புதிர் எழுதுற அமெரிக்கர் மார்ட்டின் கார்டினர் 1975-ல தன்னோட பத்திரிகைப் பத்தியில எழுதின பொறவுதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது.

சங்கரன்கோவில் வாசகர் ஒருத்தர், "பொய். 2111-ஐப் போட்டேன், சுழியம் வருது"ன்னு நிரலையும் சேர்த்துப் போட்டிருக்காவ. நிரல்லதான் ஓட்டை அண்ணாச்சி. 2111 − 1112 = 999. உங்க நிரல் அதை மூணு இலக்கமா எடுத்து 999 − 999-ன்னு கழிச்சிருச்சு. அது 0999. நாலு இலக்கம். 9990 − 0999 = 8991. அடுத்து 9981 − 1899 = 8082. 8820 − 0288 = 8532. 8532 − 2358 = 6174. முன்னால வர்ற சுழியத்தைக் கம்ப்யூட்டர் மதிக்காது, நாமதான் பிடிச்சு நிறுத்தணும்.

இதைத் தாள்ல போட்டிருந்தா உங்களுக்கு இந்தத் தகராறு வந்திருக்காது, கை தானா 0999-ன்னு எழுதியிருக்கும். வீரவநல்லூர் அண்ணாச்சிக்கு இது ஒரு புள்ளி.

மூணு இலக்கத்துக்கு 495. ரெண்டு இலக்கத்துல நிக்கவே நிக்காது: 81, 63, 27, 45, 09, திரும்ப 81. செக்குல கட்டினாப்புல... இல்ல, வேண்டாம், உவமை ஒண்ணு ஏற்கனவே சொல்லியாச்சு.

30 ஜூன்

இன்னைக்குக் கடையில நடந்தது. புது பைக்குக்கு நம்பர் பார்க்க வந்தவர், "டிஎன் 72-ல எது வேணாலும் சரிம்மா, கூட்டுத்தொகை எட்டு மட்டும் வந்துரக் கூடாது." கூட்டிக் கூட்டி ஒத்தை இலக்கமாக்கி வர்ற அந்த எண்ணைத்தான் சொல்லுதார்.

அவர் போன பொறவு நிரல் போட்டேன், போட்டிருக்கவே வேண்டாம், வாய்க்கணக்கே போதும். 1-ல இருந்து 9999 வரைக்கும் ஒம்பது கூட்டுத்தொகையும் மாறி மாறி முறை வச்சு வருது, 9999-ஐ ஒம்பதால வகுத்தா மீதியில்லாம 1111. எட்டு வர்ற வண்டி ஒவ்வொரு வரிசையிலயும் சரியா 1,111. அதை யாரோ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காவ, வண்ணாரப்பேட்டை பாலத்துல நின்னு எண்ணினாத் தெரியும்.

அவர்கிட்ட இதைச் சொல்லல. ஃபீஸ் வாங்கிட்டு அனுப்பிட்டேன்.

2 ஜூலை

தமிழ் எண் வடிவத்துல இந்த விளையாட்டு எல்லாம் நடக்குமான்னு ஒரு கேள்வி. பழைய முறையில நடக்காது. 153-ஐ ௱௫௰௩-ன்னு எழுதினாவ: நூறு, அஞ்சு பத்து, மூணு. இதைத் திருப்பினா ௩௰௫௱, வேற எண் ஆகல, வரிசை தப்பி நிக்குது. இந்தப் புதிர் எல்லாமே இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறுற முறைக்குள்ளதான் வாழுது. அதுலயும் பத்தை விட்டு மூணை அடியா வச்சா வேற ஆளுங்க வருவாங்க: நம்ம 5 அங்க 12 (ஒரு மூணும் ரெண்டு ஒண்ணும்), ஒண்ணோட வர்க்கமும் ரெண்டோட வர்க்கமும் கூட்டினா அஞ்சு. பத்தடிமானத்துல ரெண்டு இலக்க ஆம்ஸ்ட்ராங் ஒண்ணு கூடக் கிடையாது.

ஹார்டி சொன்னதுல இருக்கிற நியாயம் இங்கதான் எனக்குக் கொஞ்சம் புரியுது. 153 மூணால வகுபடுறது எந்த முறையில எழுதினாலும் மாறாது. 153 ஆம்ஸ்ட்ராங்கா இருக்கிறது நமக்குப் பத்து விரல் இருக்கிறதால.

5 ஜூலை

வீரவநல்லூர் அண்ணாச்சியோட மகளே எழுதியிருக்கு. 1 முதல் 9 வரை ஒவ்வொண்ணும் ஒரு தடவை. முதல் ரெண்டு இலக்கம் ரெண்டால, முதல் மூணு மூணால, இப்படியே ஒம்பதும் ஒம்பதால வகுபடணும். விடை 381654729, அது ஒண்ணுதான். எல்லா வரிசையையும் போட்டா 3,62,880. பாப்பா அப்படிப் போடல: ஒவ்வொரு இலக்கமாச் சேர்த்துக்கிட்டே போயி, வகுபடாத இடத்துலயே வெட்டி விட்டு, ஒரு படி பின்னால வந்து அடுத்ததைப் பார்த்திருக்கு. அஞ்சாவது இடம் அஞ்சு, இரட்டை இடத்துல எல்லாம் இரட்டைன்னு முதல்லயே சொல்லிக் கொடுத்தா இன்னும் குறையும்.

2500-ஐப் பத்தி நான் கேட்டதுக்கும் பதில் வந்திருக்கு. 9999 வரைக்கும் ஓட விட்டுச்சாம். "மில்லி செகண்டுதானே அக்கா." அதுவும் சரிதான். அந்த இடத்துல வேலி கட்டாட்டாலும் ஆடு மேயாது.

9 ஜூலை

அப்பாவும் மகளும் இப்ப ஒரே புதிர்ல ஆளுக்கு ஒரு பக்கமா. கடைசி இலக்கம் 6. அந்த ஆறைத் தூக்கி முன்னால வச்சா எண் நாலு மடங்கு ஆகணும்.

மகளோட நிரல் ஆறு இலக்கத்துல பிடிச்சிருச்சு: 153846, நாலால பெருக்கினா 615384. இது சுலபம். அண்ணாச்சி எழுதினது வேற மாதிரி. கடைசியில 6 இருக்குன்னு தெரியும்லா, பெருக்க ஆரம்பிக்க வேண்டியதுதான்: நாலாறு இருபத்திநாலு, 4 எழுதி மீதி 2. எழுதின அந்த 4-தான் எண்ணுல ஆறுக்கு இடப்பக்கம் இருக்கிற இலக்கம். நாநாலு பதினாறும் ரெண்டும் பதினெட்டு, 8 எழுதி மீதி 1. அடுத்து 33, பொறவு 15, 21, கடைசியில 6, மீதி இல்ல. முடிஞ்சுது. வலமிருந்து இடமா எண் தானா இறங்கிருச்சு. எத்தனை இலக்கம்னு தெரிஞ்சுக்கிட வேண்டிய தேவையே இல்ல.

அதோட விடல. மகளுக்கு ஒரு சவால்: கடைசி இலக்கம் 7, அதை முன்னால வச்சா ஏழு மடங்கு.

10 ஜூலை

மகளோட நிரல் ஒவ்வொரு எண்ணாப் பார்த்து இன்னும் பத்து இலக்கத்தைத் தாண்டலையாம். அண்ணாச்சி தினசரிக் காலண்டர் தாளோட பின்பக்கத்துல போட்டுப் படம் அனுப்பியிருக்காவ:

1014492753623188405797

இருபத்திரண்டு இலக்கம். ஏழால பெருக்கிப் பார்த்தேன்: 7101449275362318840579. சரியா இருக்கு. நடுவுல ரெண்டு இடத்துல 7 வருது, ஆனா ஒண்ணுல மீதி 6, இன்னொண்ணுல மீதி 3 நிக்குது. 7 வந்து மீதியும் இல்லாம இருந்தாத்தான் நிக்கணும். அந்தத் தாள்ல அந்த ரெண்டு இடத்துலயும் ஒரு சின்னச் சுழி போட்டு "இங்க இல்ல"ன்னு எழுதியிருக்காவ.

இருபத்திரண்டு இலக்கத்தை ஒண்ணு ஒண்ணாத் தேடினா ஆலங்குளம் தம்பி கதைதான். பென்சில் வழியையே நிரலா எழுதினா ஒரு வட்டம், உள்ள ரெண்டு வரி: பெருக்கி மீதியைக் கூட்டு, கடைசி இலக்கத்தை இடப்பக்கம் ஒட்டி மிச்சத்தை மீதியா வச்சுக்கோ. பாப்பா அப்படி மாத்தி எழுதிட்டு, ரெண்டு முதல் ஒம்பது வரைக்கும் எல்லாத்தையும் ஒரே மூச்சுல அச்சடிச்சு அப்பா கையில கொடுத்திருக்கு. அண்ணாச்சி இப்ப அதை ஒவ்வொண்ணாப் பென்சில்ல சரிபார்க்காவளாம்.

இங்க மத்தவங்களுக்கு: கடைசி இலக்கம் 2, முன்னால கொண்டு வந்தா ரெட்டிப்பு. பதினெட்டு இலக்கம். விடையை நான் போடல, பேனா இருக்கிற ஆளு போடுங்க.